வெள்ளீயம் தீர்ந்த ஊரின் மலைத்தடங்கள்

மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் ஓர் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அங்குள்ள மிகக் கடினமான தடத்தின் பெயர்தான் முதலில் வாயில் வரும். நான் பல ஆண்டுகளாக வேறோர் அளவுகோலைக் கையாண்டு வருகிறேன். முதன்முறையாக மலைச் சைக்கிளில் ஏறி உட்காரும் ஒருவருக்கு அந்த ஊர் எதை வைத்திருக்கிறது, அதை எவ்வளவு அக்கறையோடு வெட்டியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். கடினமான தடத்தை அமைக்க மலையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். சரிவும் பாறையும் வேரும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. எளிய தடத்தில் அந்த மலையை மறைக்காமலும், அதனால் ஒருவரை அச்சுறுத்தாமலும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான் மிக நெருக்கமாகப் பார்த்த ஊர், ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் வடகிழக்கில் ரிங்கரூமா ஆற்றங்கரையில் இருக்கும் டெர்பி.

லான்செஸ்டன் நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர், ஸ்காட்ஸ்டேல் வழியாக மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரக் கார் பயணம். ஒரே ஒரு முதன்மைத் தெரு, அதன் இருபுறமும் மரவீடுகள், பழைய விடுதி ஒன்று. நிலையாக வசிப்பவர்கள் 200 பேர்கூட இல்லை. 1874-இல் ஜார்ஜ் ரெனிசன் பெல் என்பவர் இந்த வட்டாரத்தில் வெள்ளீயத்தைக் கண்டறிந்தபின் காட்டுக்குள் முளைத்த ஊர் இது. குருஷ்கா சகோதரர்கள் இங்கே சுரங்கம் தோண்டினார்கள். 1876-இல் மெல்பர்ன் கோப்பையை வென்ற பெண்குதிரையின் பெயரைத் தாங்கிய பிரிசெய்ஸ் சுரங்கம், டாஸ்மேனியாவின் பெரிய வெள்ளீயச் சுரங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது. சீனாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருந்தொகையாக இந்தச் சுரங்கப் பகுதிகளில் உழைத்தார்கள். பக்கத்து ஊரான வெல்ட்பரோவில் அவர்கள் வழிபட்ட கோயிலின் பொருள்களை இன்று லான்செஸ்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். 1929 ஏப்ரல் 4 அன்று, பெருமழையில் கேஸ்கேட் ஆற்றின்மேல் கட்டியிருந்த சுரங்க அணை உடைந்து 14 உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் சுரங்கம் மறுபடி இயங்கியபோதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது மூடப்பட்ட பிறகு, ஊர் மெல்ல மெல்ல ஆளொழிந்துகொண்டே வந்தது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டெர்பியைச் சுற்றியுள்ள மலைகளை முதன்முதலில் கூர்ந்து அளந்தவர்கள் சுரங்கக்காரர்கள். மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்து வெள்ளீயத்தைப் பிரிப்பதுதான் அவர்களுடைய முறை. அதற்கு உயரத்திலிருந்து இடைவிடாமல் தண்ணீர் வந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே மலைச்சரிவை ஒட்டியபடியே, கிலோமீட்டர் கணக்கில் நீளும் வாய்க்கால்களை வெட்டினார்கள். வாட்டம் சற்றுக் கூடினால் கரை அரித்துப்போகும். சற்றுக் குறைந்தால் தண்ணீர் தேங்கிவிடும். ஒவ்வொரு மடிப்பிலும் மலை எப்படித் திரும்புகிறதோ அப்படியே வாய்க்காலும் திரும்பியாக வேண்டும். மிதிவண்டித் தடம் வெட்டுபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், முடிவு மட்டும் நேர் எதிரானது. வாய்க்கால் வெட்டியவர் தண்ணீர் தன் பாதையைவிட்டு வெளியேறாதபடி பார்த்துக்கொண்டார். தடம் வெட்டுபவர் தண்ணீர் தன் பாதையில் சில மீட்டருக்குமேல் தங்காதபடி பார்த்துக்கொள்கிறார். மழைக்காட்டுக்குள் தடம் போடும்போது தண்ணீரை விலக்கத் தெரியாவிட்டால், இரண்டே குளிர்காலத்தில் தடம் ஓடையாகிவிடும்.

அந்தத் தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சைக்கிள் ஓட்டுபவர்களில் பலர் இதைக் கவனிப்பதேயில்லை. முதலாவதாக, தடத்தின் ஏற்றம் அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மழைநீர் குறுக்கே வழிந்து போகாமல் தடத்தின் நெடுகிலும் ஓடத் தொடங்கும். இரண்டாவதாக, ஒரு தடத்தின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டருக்குள், இருப்பது நல்லது. மூன்றாவதாக, தடத்தின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட ஏறக்குறைய 5 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும். நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இறங்கிக்கொண்டே போகும் தடம் அங்கங்கே சிறிது மேலேறி மறுபடி இறங்க வேண்டும். அப்படி ஏறும் இடத்தின் அடிவாரத்தில் தண்ணீர் வேறு வழியின்றித் தடத்தைவிட்டு வெளியேறிவிடும். சைக்கிளில் போகிறவருக்கோ அந்த ஏற்ற இறக்கம் உடலை அழுத்தித் தளர்த்தும் இன்பமான ஓர் அலையாக இருக்கும். மண்ணைக் காக்கும் ஏற்பாடும் ஓட்டுபவரை மகிழ்விக்கும் ஏற்பாடும் ஒன்றாகவே அமைந்துவிடுவதை, இந்த விளையாட்டின் மிக அழகான செய்தியாக நான் கருதுகிறேன்.

டெர்பியில் தடங்களின் முதல் பகுதி 2015-இல் திறக்கப்பட்டது. டார்செட், பிரேக் ஓ'டே ஆகிய இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் ஆஸ்திரேலிய அரசின் நிதியுதவியுடன் இந்தத் திட்டத்தை மேற்கொண்டன. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பெரும்பங்கு வேர்ல்டு டிரெயில் நிறுவனத்தினுடையது. வெள்ளீயம் போய்விட்ட ஊருக்குச் சைக்கிள் சோறு போடும் என்று அன்றைக்குச் சொன்னவர்களை நம்பியவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். இன்று 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடங்கள் அந்த ஊரிலிருந்து கிளைத்துச் செல்கின்றன.

ஆஸ்திரேலியாவில் தடங்களின் கடினத்தை நிறத்தால் குறிக்கிறார்கள்: பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். பச்சைக்கும் கீழே, புத்தம் புதியவர்களுக்கென வெள்ளை வட்டமும் உண்டு. பனிச்சறுக்கு மலைகளிலிருந்து இந்த வழக்கம் வந்தது. பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கம் வகுத்த அளவுகளின்படி, பச்சைத் தடம் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், சராசரி ஏற்றம் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, தவிர்க்க முடியாத தடைகள் 5 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. நீலத்தில் அகலம் 60 சென்டிமீட்டராகக் குறைகிறது, தடையின் உயரம் 20 சென்டிமீட்டர் வரை போகலாம். கறுப்பில் அகலம் 30 சென்டிமீட்டராகச் சுருங்கி, 38 சென்டிமீட்டர் உயரப் பாறைகள்கூட வழியில் நிற்கலாம்.

அளவுகள் இருப்பது நல்லதுதான், ஆனால் அவற்றை மட்டும் நம்பித் தடம் போட்டால் பச்சைத் தடம் சரளைக்கல் சாலையாகிவிடும். அகலமாக, சமமாக, தடையே இல்லாமல் கிடக்கும் அப்படிப்பட்ட பாதைகளை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். புதியவர் அவற்றில் பத்திரமாகப் போய்த் திரும்புவார். எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். அடுத்த நாள் நீலத் தடத்துக்குப் போனால் முதல் வளைவிலேயே பயந்து இறங்கிவிடுவார். நல்ல பச்சைத் தடம் கறுப்புத் தடத்தின் அரிச்சுவடி. கறுப்பில் செங்குத்தாக எழும் சாய்சுவர் வளைவு, பச்சையில் முழங்கால் உயரத்தில் இருக்க வேண்டும். கறுப்பில் சக்கரங்களைக் காற்றில் எழுப்பும் மேடு, பச்சையில் சக்கரம் தரையைவிட்டு எழாமலே ஏறி இறங்கக்கூடிய அலையாக இருக்க வேண்டும். அப்போதுதான் புதியவர் இரண்டு பெடல்களையும் சமமாக வைத்து எழுந்து நிற்கவும், வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக் பிடித்து முடிக்கவும், முன்சக்கரத்தைப் பார்க்காமல் வளைவின் மறுமுனையைப் பார்க்கவும் தன் உடலாலேயே கற்றுக்கொள்வார்.

டெர்பியின் எளிய ஓட்டத்துக்கு ஊரே துணையாக இருக்கிறது. தெருவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் தடங்கள் தொடங்கும் இடம்; சற்றுத் தொலைவில் ஏரி. ஏரி என்று இன்று சொன்னாலும், அது பிரிசெய்ஸ் சுரங்கத்தின் திறந்த குழியில் தண்ணீர் நிரம்பிய பள்ளம். செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைச்சுவர்கள் அதன் ஒரு பக்கத்தில் இன்னமும் நிற்கின்றன. கரையோரம் மிதக்கும் சானா குளியல் அறை ஒன்றும் பிற்காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. சுரங்கக் காலத்தில் மலையைக் குடைந்த சுருங்கை ஒன்றின் வழியாகவும் சைக்கிளில் போகலாம். உள்ளே இருட்டு, குளிர், மேலிருந்து சொட்டும் நீர், விளக்கு அவசியம். என் மகள் முதலில் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நின்றவள், வெளியே வந்ததும், “அப்பா, இன்னொரு தடவை போயிட்டு வரலாமா?” என்று கேட்டாள். கடினத்தில் அந்த இடம் ஒன்றுமேயில்லை. ஆனால் எளிய தடத்தில் போகிறவருக்கும் இந்த ஊரின் உள்ளே நுழைந்து வெளியே வந்த நிறைவைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எளிய தடம் என்றாலே ஊருக்கு வெளியே ஏதாவது மைதானத்தைச் சுற்றவிடும் இடங்களை நினைத்துப் பார்க்கும்போது இந்த அக்கறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீலத் தடங்கள்தான் டெர்பியின் உயிர்நாடி. அவற்றில் ஒன்றை மட்டும் சொல் என்றால் குருஷ்காஸ் என்பேன், அந்தப் பழைய சுரங்கச் சகோதரர்களின் பெயர் தாங்கியது. தடம் காட்டுக்குள் ஏறுகிறது என்பதே தெரியாத அளவுக்கு மென்மையாக ஏறும். மரப்பெரணிகளின் கறுத்த தண்டுகள், பாசி மூடிய மிர்டில் மரங்கள், சாசஃப்ராஸின் நறுமணம், அவற்றினூடே ஒரே சீராக ஏறும் ஒற்றையடித் தடம். மூச்சு வாங்கினாலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டிய நிலை வராது. மலை ஏறுவதை ஒரு தண்டனையாக நினைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் உச்சியில் இறக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. டெர்பியிலும் அத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. அவர்களைக் குறை சொல்லவில்லை. என்றாலும் குருஷ்காஸில் ஏறிவந்தவருக்கு இறக்கம் தொடங்கும்போது அந்த மலையோடு ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கும். எந்தப் பக்கம் ஈரம், எங்கே கருங்கல் மணல், எங்கே வேர் அதிகம் என்பதெல்லாம் ஏறும்போதே உடலுக்குத் தெரிந்துவிடுகிறது.

டேம்பஸ்டர்ஸ் என்னும் தடத்தின் பெயர் 1929-இன் அணையை நினைவூட்டுகிறது. அட்லஸ் என்பது உயர்ந்த காட்டிலிருந்து தொடங்கும் நெடிய இறக்கம். அட்லஸில் தொடங்கி டேம்பஸ்டர்ஸ் வழியாக ஊர்வரை வந்து சேர்பவர்களுக்கு அது அரைநாள் பயணம். இன்னும் தள்ளி, புளூ டியர் மலையின் மேலே பொய்மீனா என்ற இடம் இருக்கிறது. அங்கும் ஒரு காலத்தில் சுரங்க ஊர் இருந்தது. இன்றைக்குக் குட்டை மரங்களும் காற்றும்தான் மிச்சம். அங்கிருந்து ஒரு தடம் வெல்ட்பரோவை நோக்கி மழைக்காட்டுக்குள் இறங்குகிறது. மற்றொன்று 42 கிலோமீட்டர் ஓடிக் கிழக்குக் கரையில் கடலைத் தொடுகிறது. இவையெல்லாம் பெரும்பாலும் நீலத் தரத்தில் இருப்பதால், கறுப்புத் தடத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவரும் ஒரு வாரம் முழுவதும் புதிய தடங்களிலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

கறுப்புத் தடங்களில் நான் அதிகம் ஓட்டுவதில்லை. என் மைத்துனர் ஓட்டுவார், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டெட்டனேட் என்னும் தடத்தில் வீட்டளவுக் கருங்கற்களுக்கு நடுவே கைப்பிடி உரசும் அளவுக்கு ஒடுங்கிய இடுக்குகள் இருக்கின்றன. 2017-இல் எண்டுரோ உலகத் தொடரின் ஒரு சுற்று முதன்முறையாக ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது டெர்பியில்தான் நடந்தது. ஏற்றங்களுக்கு நேரம் கணக்கிடாமல் இறக்கங்களுக்கு மட்டும் கணக்கிடும் அந்தப் போட்டியில், டெட்டனேட் அந்த ஆண்டின் சிறந்த தடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. போட்டி 2019-இலும் 2023-இலும் மீண்டும் வந்தது. இந்தத் தடங்களில் நான் மதிப்பது வேகத்தையன்று, நேர்மையை. கடினமான இடம் எது என்பது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறது. தடத்தின் நுழைவிலேயே அதன் குணத்தைக் காட்டும் ஒரு பாறையோ சரிவோ வந்துவிடுகிறது, அதைத் தாண்ட முடியாதவர் அங்கேயே திரும்பிவிடலாம். பார்வைக்குச் சாதுவாகத் தொடங்கிப் பாதி வழியில் பள்ளத்தைக் காட்டும் தடம், எந்த ஊரில் இருந்தாலும், எந்த நிறத்தைத் தாங்கியிருந்தாலும், மோசமாக அமைக்கப்பட்ட தடம்தான்.

இவ்வளவு பாராட்டிய பிறகும் என் அளவுகோலின்படி டெர்பிக்கு முழு மதிப்பெண் போட முடியாது. பச்சைத் தடங்களின் நீளம் மொத்த நீளத்தில் சிறிய பங்குதான். ஏரியைச் சுற்றிப் பழகியவர் அடுத்த படியில் நீலத்துக்குப் போகும்போது, டெர்பியின் நீலம் பிற ஊர்களின் நீலத்தைவிடச் சற்றுக் கடினமாக இருப்பதை உணர்வார். மழை பெய்து வேர்கள் வழுக்கும் நாளில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். நடுவில் ஒரு படி குறைகிறது. இதற்கு ஊரில் பலர் சொல்லும் காரணம் மலையின் செங்குத்து. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. செங்குத்தான மலையிலும் தடத்தை நீட்டி வளைத்தால் ஏற்றத்தைக் குறைத்துவிடலாம். சுரங்க வாய்க்கால் வெட்டியவர்கள் இதே மலையில்தான் மிக மெல்லிய வாட்டத்தில் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். செலவு கூடும், அவ்வளவுதான். ஊரின் விளம்பரத்துக்குக் கறுப்புத் தடம் பயன்படும் அளவுக்குப் பச்சைத் தடம் பயன்படாது என்பதே உண்மையான தடையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் குறையைப் பக்கத்திலிருக்கும் செயின்ட் ஹெலன்ஸ் ஓரளவு நிரப்புகிறது. கடற்கரை ஊரான அதன் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்களாக அமைந்திருப்பதால், கீழ் வளையத்தோடு ஒருவர் நிறுத்திக்கொள்ளலாம், தெம்பிருப்பவர் அடுத்த வளையத்துக்கு ஏறலாம், குடும்பத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துசேரலாம். மலை தாழ்ந்தது, மண் உலர்ந்தது, வளைவுகள் அகலமானவை. தெற்கே, மரத்தொழில் நலிந்த மேடெனா ஊரில் 2018-இல் திறந்த தடங்கள் வேறு வகை. அங்கே வண்டியில் உச்சிக்குப் போய் இறங்குவதே முதன்மை. புதியவர்களை முதல் நாளே அங்கே அழைத்துப் போகும் நண்பர்களிடம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

சைக்கிள் வந்ததால் டெர்பி பிழைத்தது என்பது உண்மை. பூட்டிக் கிடந்த வீடுகள் தங்கும் விடுதிகளாகின, சைக்கிள் கடைகளும் உணவகங்களும் வந்தன. அதேசமயம், வீட்டு விலை ஏறியபின் அந்த உணவகங்களில் வேலை செய்பவர்கள் ஊருக்குள்ளேயே வாடகைக்கு இடம் தேடித் திணறுவதையும் சொல்லாமல் விடக்கூடாது. தடங்கள் ஊடுருவும் காட்டின் ஒரு பகுதி அரசின் மரவெட்டு நிலமாகவும் இருக்கிறது. குருஷ்காஸ் பக்கம் மரம் வெட்டும் திட்டங்கள் எழுந்தபோது எதிர்ப்பும் வழக்கும் வந்தன. பெரணிக்காட்டின் நிழல் போனால் தடத்தின் மண் வெயிலில் பொடியாகி மழையில் கரைந்துவிடும் என்பதால், இது கண்ணுக்கு இனிய காட்சி பற்றிய வாதம் மட்டுமன்று. தடம் என்பது அதன்மேல் நிற்கும் மரங்களையும் சேர்த்ததுதான். மலையின் மண்ணைக் கரையவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே புதிதன்று: சுரங்கக் கழிவு மண் ரிங்கரூமா ஆற்றில் இறங்கி, கடைசியில் அதன் முகத்துவாரத்திலிருந்த பூபியல்லா துறைமுகத்தையே தூர்த்துவிட்ட கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வெவ்வேறு திறமையுள்ளவர்கள் சேர்ந்து போகும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. முதல் நாள் காலை எல்லோரும் ஏரியையும் சுருங்கையையும் சேர்ந்தே சுற்றுங்கள். தேர்ந்தவர்களும் அந்த மென்மையான அலைகளில் பெடல் மிதிக்காமல் உடலை அழுத்தியே வேகம் எடுத்துப் பார்க்கட்டும், அதுவே நல்ல பயிற்சி. பிற்பகலில் ஓரளவு பழகியவர்கள் குருஷ்காஸுக்குப் போகலாம். இரண்டாம் நாள் தேர்ந்தவர்கள் கறுப்புத் தடங்களுக்குப் போகட்டும், புதியவர்களோடு ஒருவர் ஏரிப்பக்கமே இருந்துகொண்டு வளைவுகளை மறுபடி மறுபடி ஓட்டச் சொல்லித் தரட்டும். மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு செயின்ட் ஹெலன்ஸுக்குப் போய்விடுவது நல்லது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காலநிலை பொதுவாக நன்றாக இருக்கும், ஆனாலும் கோடையிலும் மழைச்சட்டை வேண்டும். குளிர்காலத்தில் தடங்கள் திறந்திருந்தாலும் வேர்களும் பாறைகளும் ஈரமாகவே இருக்கும், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள், இருக்கையைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் உள்ள சைக்கிளாக வாடகைக்குக் கேளுங்கள், அட்டைக்கடிக்கு உப்பு எடுத்துச் செல்லுங்கள். அந்தி வேளைக்குப்பின் கார் ஓட்டுவதைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள். சிறு கங்காருகளான வாலபிகளும், வளை தோண்டி வாழும் வோம்பாட்டு விலங்குகளும் சாலையைக் கடப்பது அப்போதுதான்.